ஐம்பது ஆண்டு காத்திருந்த களிம்பு

மருத்துவ வரலாற்றில் சில வேளைகளில் பூட்டு ஓரிடத்திலும் சாவி வேறோர் இடத்திலும் செய்யப்படுவதுண்டு. இரண்டும் ஒன்று சேர்வதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிடுகிறது. 1952-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துத் தோல் மருத்துவர்கள் இருவர், ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசித் தோல் அழற்சியைத் தணிக்க முடியும் என்று காட்டினர். அதற்கு அடுத்த ஆண்டில், அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாஸ்டன் நகரில் வேறொரு தோல் மருத்துவர், முதியோரை வாட்டும் ஒரு கொப்புள நோயைத் தனி நோயாகப் பிரித்தறிந்து அதற்குப் பெயரும் இட்டார். ஆனால் அந்த நோய் கடுமையாக இருக்கும்போது மாத்திரையைவிடக் களிம்பே மேலானது, அதனால் உயிர்கள் பிழைக்கின்றன என்பது எண்களால் நிறுவப்பட்டது 2002-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில்தான்.

இடையே ஐம்பது ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன? களிம்பு போதிய வலிமை பெறுவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. நோயின் இயல்பு புரிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. மீதி ஆண்டுகள், கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்காததால் கழிந்தவை. அந்தக் கதையையே இக்கட்டுரையில் காண்போம்.

இரு வகைக் கொப்புளங்கள்

நம் தோல் இரண்டு முக்கிய அடுக்குகளைக் கொண்டது. வெளியே இருப்பது மேல்தோல். இதில் செல்கள் செங்கற்களைப் போல வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. இதற்குக் கீழே, இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த அடித்தோல் உள்ளது. இவ்விரண்டையும் பிரியாமல் சேர்த்துப் பிடித்திருப்பது அடிச்சவ்வு என்னும் மிக மெல்லிய படலம். சுவருக்கும் அடித்தளத்துக்கும் இடையே உள்ள பிணைப்பைப் போன்றது இது.

இந்தக் கட்டடம் இரண்டு விதமாகக் குலையலாம். செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்து கரைந்து, செங்கற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது ஒரு விதம். அப்போது மேல்தோலின் உள்ளேயே கொப்புளம் தோன்றும். அதன் மேற்கூரை மிக மெல்லியது, தொட்டாலே உடைந்துவிடும். வாயிலும் புண்கள் உண்டாகும். இதற்குப் பெம்பிகஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'பெம்பிக்ஸ்' என்றால் கொப்புளம் என்று பொருள்.

இன்னொரு விதத்தில், செங்கற்கள் விலகுவதில்லை. சுவர் முழுவதுமே அடித்தளத்தைவிட்டுத் தூக்கிக்கொள்கிறது. மேல்தோல் முழுவதும் கூரையாக அமைவதால் கொப்புளம் தடித்து, பூரி உப்புவதுபோல விறைப்பாக இருக்கும், எளிதில் உடையாது. கொப்புளம் தோன்றுவதற்குப் பல வாரங்கள் முன்பே பொறுக்க முடியாத அரிப்பு தொடங்கிவிடும். இந்நோய் பெரும்பாலும் 70 வயதைக் கடந்தவர்களையே தாக்குகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இவ்விரண்டும் பெம்பிகஸ் என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. அதனால் பெருங்குழப்பம் விளைந்தது. பெம்பிகஸ் நோயாளிகளுள் பெரும்பாலோர் இறந்தனர். ஆனால் அதே பெயரிட்ட நோயுடன் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். எந்த மருந்து பயன் தந்தது, எந்த நோயாளி தாமே தேறினார் என்று சொல்வதற்கு வழியில்லை.

1943-இல் பிரெஞ்சு மருத்துவர் அஷீல் சிவாட், பெம்பிகஸில் மேல்தோல் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதை நுண்ணோக்கியில் கண்டு விளக்கினார். அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய வால்ட்டர் லீவர் என்னும் தோல் மருத்துவர் நோயாளிகளின் தோல் துண்டுகளை ஆராய்ந்தார். ஒரு பிரிவினரின் தோலில் செல்கள் பிரியவே இல்லை. மேல்தோல் முழுதாக எழும்பியிருந்தது. அவர்கள் முதியவர்கள், நோயின் போக்கும் வேறாக இருந்தது. 1953-இல் லீவர் இதனைத் தனி நோயாக அறிவித்துப் 'புல்லஸ் பெம்பிகாய்டு' என்று பெயரிட்டார். பெம்பிகஸைப் போன்றது, ஆனால் பெம்பிகஸ் ஆகாதது என்பது அப்பெயரின் கருத்து. இனி இதனைப் பெம்பிகாய்டு என்றே குறிப்போம்.

இருளில் ஒளிர்ந்த கோடு

நோய்க்குப் பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. அதைக் காட்டிக் கொடுத்தது இயற்பியல் மாணவர்கள் அறிந்த ஒரு நிகழ்ச்சி: ஒளிர்தல்.

சில சாயங்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உட்கொண்டு, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளிவிடுகின்றன. 1941-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸும் அவருடைய தோழர்களும் இத்தகைய சாயத்தை எதிர்ப்பொருளுடன் இணைத்தனர். எதிர்ப்பொருள் என்பது, உடலுக்குள் நுழையும் கிருமிகளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம். அது எங்கே ஒட்டுகிறதோ அங்கே சாயமும் ஒட்டும். இருட்டில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அந்த இடம் மட்டும் ஒளிரும்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் பாய்ட்னர், ராபர்ட் ஜோர்டன் ஆகியோர் இந்த முறையைக் கொப்புள நோய்களில் பயன்படுத்தினர். 1964-இல், பெம்பிகஸ் நோயாளிகளின் இரத்தத்தில் அவர்களுடைய மேல்தோலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டனர். 1967-இல் பெம்பிகாய்டையும் ஆராய்ந்தனர். இம்முறை ஒளிர்ந்தது அடிச்சவ்வு. மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே மெல்லிய கோடு ஒன்று வரைந்தாற்போல் தெரிந்தது. அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதியோருள் லீவரும் ஒருவர். நுண்ணோக்கியில் அவர் பிரித்துக் காட்டிய இரு நோய்களும் உண்மையிலேயே வேறுவேறானவை என்பது பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் உறுதியாயிற்று.

பகைவனைத் தாக்க வேண்டிய படை சொந்த வீட்டையே தாக்குவதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். பெம்பிகாய்டில் தாக்கப்படுபவை, மேல்தோலை அடிச்சவ்வுடன் பிணைத்து வைக்கும் இரண்டு புரதங்கள் என்பது பின்னர்த் தெரியவந்தது.

எருதின் பித்தத்திலிருந்து ஒரு மருந்து

இனி மருந்தின் கதைக்கு வருவோம். நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு அட்ரீனல் சுரப்பிகள் உள்ளன. அவற்றின் புறணிப் பகுதியில் உண்டாகும் ஹார்மோன்களை, 1930-களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்டு கெண்டலும், சுவிட்சர்லாந்தில் தாடியஸ் ரைக்ஸ்டைனும் தனித்தனியே பிரித்தெடுத்தனர். கெண்டல் தாம் கண்ட பொருள்களுக்கு ஆங்கில எழுத்துகளையே பெயர்களாக வைத்தார். அவற்றுள் 'ஈ' என்பதே பின்னர்க் கார்ட்டிசோன் என்றும், 'எஃப்' என்பது ஹைட்ரோகார்ட்டிசோன் என்றும் பெயர் பெற்றன.

அதே மேயோ மருத்துவமனையில் மூட்டுவாத நிபுணராக இருந்த ஃபிலிப் ஹென்ச், 1929 முதல் ஒரு விந்தையைக் கவனித்து வந்தார். மஞ்சட்காமாலை வந்தாலோ கருவுற்றாலோ மூட்டுவாதம் தற்காலிகமாகத் தணிகிறது. உடலுக்குள்ளேயே இந்நோயைத் தணிக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். கெண்டலின் 'ஈ' அதுவாக இருக்குமோ?

சோதித்துப் பார்க்கப் போதிய மருந்து கிடைக்கவில்லை. ஏராளமான விலங்குச் சுரப்பிகளிலிருந்து மிகச் சிறிதளவே கிடைத்தது. மெர்க் நிறுவனத்தின் வேதியியலார் லூயிஸ் சாரெட், 1944-இல் எருதின் பித்தநீரிலுள்ள ஓர் அமிலத்திலிருந்து தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகளைக் கடந்து கார்ட்டிசோனை உருவாக்கினார். 1948 செப்டம்பர் 21 அன்று, மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு அது முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தப்பட்டது. சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-இல் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

மாத்திரையின் விலை

இந்த அதிசய மருந்து விரைவிலேயே கொப்புள நோய்களுக்கும் வந்தது. 1955-இல் இன்னும் வலிமையான பிரட்னிசோன் மாத்திரை கிடைத்தது. பெம்பிகஸ் என்றால் மரணம் என்றிருந்த நிலை மாறியது. பெம்பிகாய்டிலும் அதே மாத்திரைகள் கொப்புளங்களை அடக்கின. இனி இதுவே சிகிச்சை என்று மருத்துவ உலகம் அமைதி கொண்டது.

ஆனால் ஸ்டீராய்டு உடல் முழுவதும் பரவும் ஹார்மோன். அது தோலுக்கு மட்டும் போகும்படி நாம் கட்டளையிட முடியாது. அதிக அளவில் பல மாதங்கள் உட்கொண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்புகள் சத்திழந்து எளிதில் முறியும், தசைகள் மெலியும், இரத்தக் கொதிப்பு கூடும், கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறையும். முப்பது வயது இளைஞர் இதனைத் தாங்கிக்கொள்ளலாம். பெம்பிகாய்டு நோயாளியோ எண்பது வயதுப் பாட்டி. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ உள்ள தாத்தா. கொப்புளங்கள் ஆறிய சில மாதங்களில் அவர் நிமோனியாவால் இறந்தால், அது முதுமையின் கணக்கில் எழுதப்பட்டது. நோயின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாரும் முனையவில்லை.

களிம்பின் பிறப்பு

உடலெங்கும் போகாமல் தோலுக்கு மட்டும் மருந்தைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் 1950-க்கு முன்பின்னாகவே எழுந்தது. கார்ட்டிசோனைக் களிம்பாக்கிப் பூசிப் பார்த்தனர், பயன் இல்லை. காரணம் பின்னர் விளங்கியது. கார்ட்டிசோன் அப்படியே செயல்படுவதில்லை. உடலுக்குள், பெரும்பாலும் கல்லீரலில், அது ஹைட்ரோகார்ட்டிசோனாக மாறிய பிறகே வேலை செய்கிறது. தோலின் மேல் பூசினால் அந்த மாற்றம் போதிய அளவு நிகழ்வதில்லை.

நியூயார்க்கைச் சேர்ந்த மேரியன் சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும், மாறவேண்டிய தேவை இல்லாத 'எஃப்' பொருளையே, அதாவது ஹைட்ரோகார்ட்டிசோனையே, களிம்பில் கலந்தனர். கரப்பான் போன்ற அழற்சிகள் தணிந்தன. 1952-இல் அவர்கள் வெளியிட்ட அந்த முடிவிலிருந்துதான் இன்றுள்ள ஸ்டீராய்டுக் களிம்புகள் அனைத்தும் பிறந்தன.

ஆனால் ஹைட்ரோகார்ட்டிசோன் வலிமை குறைந்தது. பெம்பிகாய்டு போன்ற கடும் நோய்க்கு அது போதாது. 1954-இல் ஸ்குவிப் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஜோசப் ஃபிரீடும் எமிலி சாபோவும் ஸ்டீராய்டு மூலக்கூறில் ஒரு ஃபுளூரின் அணுவைச் சேர்த்தால் அதன் வலிமை பன்மடங்கு உயர்வதைக் கண்டனர். புதிய ஸ்டீராய்டுகள் வரிசையாக வரத் தொடங்கின. எது வலியது என்று எப்படி அளப்பது? ஸ்டீராய்டு பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் வெளுக்கும். 1962-இல் மெக்கென்சி, ஸ்டௌட்டன் என்னும் இருவர், முன்கையில் சிறுசிறு துளிகளாக மருந்துகளை இட்டு, எத்தனை இடங்கள் வெளுக்கின்றன என்று எண்ணும் எளிய சோதனையை வகுத்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், மனிதத் தோலே அளவுகோலாயிற்று. இவ்வழியில் தேடிய பிரிட்டனின் கிளாக்ஸோ நிறுவனம் 1970-களில் குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. இன்றும் மிக வலிமையான பூச்சு ஸ்டீராய்டுகளில் அது ஒன்று. நூற்றில் 0.05 பங்கு கலந்தாலே போதும்.

தோல் என்னும் தடுப்புச் சுவர்

பூசிய மருந்து எவ்வளவு உள்ளே போகும்? இது இயற்பியலின் கேள்வி. 1855-இல் அடால்ஃப் ஃபிக் வகுத்த விரவல் விதியைக் கல்லூரி மாணவர்கள் படித்திருப்பார்கள். ஒரு படலத்தின் வழியே ஒரு பொருள் ஊடுருவும் வீதம், இருபுறமும் உள்ள செறிவு வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும், படலத்தின் தடிமனுக்கு எதிர்விகிதத்திலும் அமையும். மின்னோட்டத்துக்கு ஓம் விதி எப்படியோ, விரவலுக்கு இது அப்படி.

தோலில் மின்தடையைப் போல் செயல்படுவது, மேல்தோலின் வெளிப்புறத்தில் இறந்த செல்களால் ஆன கொம்புப் படலம். உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்று முதல் இரண்டு பங்குதான். ஆனாலும் எல்லா இடங்களிலும் அது ஒரே தன்மையுடையதன்று. 1967-இல் அமெரிக்கர்களான ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனைப் பல இடங்களில் பூசி, உள்ளே சென்ற அளவைக் கணக்கிட்டனர். முன்கையில் செல்வதை 1 என்று கொண்டால், உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, தாடைப் பகுதியில் 13, விதைப்பைத் தோலில் 42. ஒரே களிம்பு முகத்தில் ஒரு மருந்து, பாதத்தில் வேறொரு மருந்து என்று சொல்லிவிடலாம். பூசும் இடமும் மருந்தின் அளவில் ஒரு பகுதி என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

உள்நோய்க்கு வெளிமருந்தா?

வலிமையான களிம்பு 1970-களில் வந்துவிட்டது. இருந்தும் கடுமையான பெம்பிகாய்டுக்கு மாத்திரையே கொடுக்கப்பட்டது. இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. எதிர்ப்பொருள் உண்டாவது தோலில் அன்று, உடலின் உள்ளே. அது இரத்தத்தின் வழியே தோலை அடைகிறது. ஊற்று உள்ளே இருக்கையில் வெளியே பூசி என்ன பயன்? இந்த வாதம் கேட்பதற்குச் சரியாகவே தோன்றும்.

1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை காண உதவியது. அமெரிக்காவில் ஷி லியூ, லூயிஸ் டயஸ் ஆகியோரின் குழு, அடிச்சவ்வுப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியது, கொப்புளங்கள் தோன்றின. எதிர்ப்பொருளே குற்றவாளி என்பது தெளிவாயிற்று. ஆனால் தொடர்ந்து செய்த சோதனைகளில் இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. எலிக்குட்டியின் வெள்ளணுக்களுள் ஒரு வகையை நீக்கிவிட்டால், எதிர்ப்பொருள் இருந்தும் கொப்புளம் தோன்றவில்லை. எதிர்ப்பொருள் அடிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு அபாய மணி அடிக்கிறது. அதைக் கேட்டு ஓடி வரும் வெள்ளணுக்கள் தாம் சுமந்துவரும் நொதிகளைக் கொட்டிப் பிணைப்பை அறுக்கின்றன.

ஆகவே, ஊற்றை அடைக்காமலும் கொப்புளத்தைத் தடுக்க வழியுண்டு. தோலிலேயே நிகழும் அந்த அழற்சியை அடக்கினால் போதும். களிம்பு செய்வது முதன்மையாக அதுவே. 1989-இல் நெதர்லாந்திலிருந்தும், அதன்பின் வேறு சில நாடுகளிலிருந்தும், குளோபெட்டசால் பூச்சாலேயே பெம்பிகாய்டு அடங்கியதாகச் செய்திகள் வந்தன. ஆனால் அவை சில நோயாளிகளின் அனுபவம் மட்டுமே. மாத்திரையுடன் நேருக்கு நேர் ஒப்பிட்டாலன்றி மருத்துவ உலகம் மனம் மாறாது.

பிரான்சில் நடந்த சோதனை

அந்த ஒப்பீட்டைச் செய்தது, ரூவான் நகரத்து மருத்துவர் பாஸ்கல் ஜோலியும் பிரான்சின் பல மருத்துவமனைகளைச் சேர்ந்த அவருடைய தோழர்களும் கூடிய குழு. மொத்தம் 341 நோயாளிகள். நாளொன்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட புதிய கொப்புளங்கள் தோன்றினால் நோய் கடுமையானது என்று வகுத்தனர். அவ்வாறு 188 பேர். மிதமான நோயுள்ளவர் 153 பேர்.

ஒவ்வொரு பிரிவிலும் யாருக்கு மாத்திரை, யாருக்குக் களிம்பு என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. இதுதான் இவ்வகைச் சோதனையின் உயிர்நாடி. மருத்துவரிடம் விட்டால், திடமானவருக்கு ஒன்றும் தளர்ந்தவருக்கு மற்றொன்றும் கொடுக்கத் தோன்றும். பிறகு வரும் வேறுபாடு மருந்தாலா, நோயாளியின் திடத்தாலா என்று அறிய முடியாது. குலுக்கல் இரு பக்கத் தட்டுகளையும் சமமாக்குகிறது.

மாத்திரைப் பிரிவில், கடும் நோய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதமும், மிதமான நோய்க்கு 0.5 மில்லிகிராம் வீதமும் பிரட்னிசோன் கொடுக்கப்பட்டது. களிம்புப் பிரிவில் நாள்தோறும் 40 கிராம் குளோபெட்டசால், முகம் நீங்கலாக உடல் முழுவதும், கொப்புளம் இல்லாத இடங்களிலும் பூசப்பட்டது. சாதாரணமாக இக்களிம்பை வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் பூசக் கூடாது என்பது மருந்துக் குறிப்பின் எச்சரிக்கை. இங்கே வாரத்துக்கு 280 கிராம்!

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிராமை இரு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 20 கிராம், ஏறத்தாழ 20 கன சென்டிமீட்டர். பூசும் பரப்பு 1.6 சதுர மீட்டர், அதாவது 16,000 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். வகுத்தால் பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் சுமார் 80-இல் ஒரு பங்கு. கொம்புப் படலத்தின் தடிமனும் ஏறக்குறைய அதுவே. 40 கிராமில் உள்ள ஸ்டீராய்டோ 20 மில்லிகிராம்தான். அதிலும் ஒரு பகுதியே உள்ளே செல்லும். மீதி துணியிலும் தண்ணீரிலும் போய்விடும்.

முடிவு 2002 ஜனவரியில் வெளியாயிற்று. கடும் நோயுள்ளவர்களில், மூன்று வாரத்தில் நோய் அடங்கியவர்கள்: களிம்பில் நூற்றுக்கு 99 பேர், மாத்திரையில் 91 பேர். கடுமையான பக்கவிளைவுகளுக்கு ஆளானவர்கள்: களிம்பில் 29, மாத்திரையில் 54. ஓராண்டு முடிவில் உயிருடன் இருந்தவர்கள்: களிம்பில் 76, மாத்திரையில் 58.

கடைசி இரண்டு எண்களை இன்னொரு முறை பாருங்கள். கொப்புளம் ஆறியதா என்று மட்டும் கேட்டிருந்தால் 99-க்கும் 91-க்கும் அப்படி என்ன பெரிய வேறுபாடு என்று விட்டிருப்பார்கள். நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டபோதுதான், நூறு பேரில் பதினெட்டுப் பேரின் வாழ்வு அந்த இடைவெளியில் இருப்பது தெரிந்தது. தோலைக் காப்பாற்றிய மாத்திரை, தோலுக்கு உரியவரைக் காப்பாற்றத் தவறியிருந்தது.

அறிவியலில் ஒரு முடிவைக் கொண்டாடும் முன் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். மிதமான நோயுள்ளவர்களிடம் உயிர் பிழைத்தலில் வேறுபாடு இல்லை. இரு பிரிவிலும் நூற்றுக்கு 70 பேர் ஓராண்டைக் கடந்தனர். அவர்களுக்குக் கொடுத்த மாத்திரையின் அளவு பாதி என்பதை நினைவிற் கொள்க. எனவே, கடும் நோயில் கண்ட வேறுபாட்டுக்குக் களிம்பின் நன்மையோடு, மாத்திரையின் மிகை அளவும் காரணமாகலாம். இரண்டு வகையில் பார்த்தாலும் பாடம் ஒன்றே: முதியவர்களுக்கு மிகுந்த அளவு ஸ்டீராய்டை வாய் வழியே கொடுப்பது ஆபத்தானது.

அதன் பிறகு

நாளுக்கு 40 கிராம் பூசுவது எளிதன்று. 30 கிராம் குழாய் ஒன்றைப் பிதுக்கினாலும் ஒரு நாளைக்குப் போதாது. தனியாக வாழும் முதியவர் தம் முதுகில் எப்படிப் பூசிக்கொள்வார்? செவிலியரோ வீட்டாரோ கூட இருக்க வேண்டும். தோலும் மெலிந்து, இலேசாகப் பட்டாலும் கன்றிப்போகும். எனவே அதே பிரெஞ்சுக் குழு, அளவைக் குறைக்க முடியுமா என்று 312 நோயாளிகளிடம் சோதித்தது. நோயின் பரப்புக்கும் எடைக்கும் ஏற்ப நாளுக்கு 10 முதல் 30 கிராம் வரை பூசி, நான்கு மாதங்களில் படிப்படியாக நிறுத்தினர். பழைய முறைக்கு இது குறைந்ததன்று என்று 2009-இல் தெரிவித்தனர். செலவான களிம்பின் மொத்த அளவு நூற்றுக்கு 70 பங்கு குறைந்தது.

2017-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்திய சோதனை வேறொரு வழியைத் திறந்தது. டாக்சிசைக்ளின் என்னும் பழைய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றலும் உண்டு. ஆறு வாரத்தில் அது 74 விழுக்காட்டினரிடமும், பிரட்னிசோலோன் 91 விழுக்காட்டினரிடமும் பயன் தந்தது. ஆனால் ஓராண்டில் கடும் தீங்குகள் முறையே 18, 36 விழுக்காடு. சற்றுக் குறைந்த பலனை ஏற்றுக்கொண்டால் தீங்கு பாதியாகிறது. 2025-இல் டுபிலுமாப் என்னும் ஊசி மருந்துக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்நோய்க்கென ஒப்புதல் வழங்கியது. எனினும் ஐரோப்பியத் தோல் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டு நெறிகளில், மிக வலிமையான ஸ்டீராய்டுக் களிம்பு முதல் வரிசைச் சிகிச்சையாக இடம்பெற்றுள்ளது.

நம் மருந்துக் கடைகளும் இந்தக் களிம்பும்

இதைப் படித்துவிட்டு, குளோபெட்டசால் தீங்கற்றது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு முதியவரின் உயிரைக் காக்கும் அதே களிம்பு, நம் நாட்டில் பல இளைஞர்களின் முகத்தைக் கெடுத்திருக்கிறது. தோலை வெளுக்கச் செய்யும் என்பதால் சிவப்பழகுக்காகவும், அரிப்பை உடனே அடக்கும் என்பதால் படர்தாமரைக்காகவும் இவ்வகைக் களிம்புகள் மருத்துவரைக் கேளாமலே வாங்கிப் பூசப்படுகின்றன. முகத்தில் ஸ்டீராய்டு எத்தனை மடங்கு உள்ளே செல்லும் என்று மேலே கண்டோம். தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் கூடுவதால் மீண்டும் அதையே நாட வேண்டிவரும். படர்தாமரையோ, அழற்சி அடங்கிவிட்டதால் ஆறியதுபோல் காட்டிக்கொண்டு, பூஞ்சை உள்ளுக்குள் பரவ இடம் தரும். 2018-இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை, மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாதவை என்னும் பட்டியலில் சேர்த்தது. சட்டத்தின் பயன் வாங்குவோரின் அறிவைப் பொறுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு வருபவர்கள் இக்கட்டுரையைப் படித்து அதனைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. நீண்ட நாள் மாத்திரை எடுத்தவர்களின் அட்ரீனல் சுரப்பி ஓய்ந்திருக்கும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவரின் பொறுப்பு. மாறாக, வீட்டிலுள்ள முதியவர் பல வாரங்களாக அரிப்பால் தூங்காமல் அவதிப்பட்டு, கை கால்களில் விறைப்பான கொப்புளங்கள் தோன்றினால், 'வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறு தோல் துண்டில் ஒளிரும் அந்தக் கோடு நோயைக் காட்டிக் கொடுக்கும்.

லீவர் நோயைப் பிரித்தறிந்தது நுண்ணோக்கியால். பாய்ட்னரும் ஜோர்டனும் காரணத்தைக் கண்டது ஒளிர்தலால். சல்ஸ்பெர்கரும் விட்டனும் களிம்பைத் தந்தது வேதியியலின் துணையால். இத்தனையும் கையில் இருந்தும், எந்தச் சிகிச்சை பெற்றவர் ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருக்கிறார் என்னும் எளிய கேள்வியை முறையாகக் கேட்டு, விடையை எண்ணிப் பார்க்க 341 முதியவர்களும் குலுக்கலும் தேவைப்பட்டன. அந்த எண்ணிக்கை நடவாதிருந்தால், களிம்பு இன்றும் மாத்திரைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கும்.